பழைய வண்டி: பழுது இல்லை என்பதும், பார்க்கவே இல்லை என்பதும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மண், விதை, பூச்சி, மானியம் பற்றியவை. சில மாதங்களாக வண்டி பற்றியும் கேட்கிறீர்கள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் செலவும் சாகுபடிச் செலவுதான். அதனால் இந்த இதழில் வண்டி பற்றிய மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஏக்கர். கத்தரி, வெண்டை போடுகிறோம். குடும்பத்துக்கும் ஆகட்டும், அவசரத்துக்கு நாலு கூடை காய் ஏற்றவும் ஆகட்டும் என்று பழைய பெட்ரோல் வேன் ஒன்று பார்த்திருக்கிறோம். சென்னை மேற்கு மாம்பலத்தில் தங்கி வேலை பார்க்கும் என் மகன் பிடித்த வண்டி. 2014-ல் சென்னையிலேயே பதிவானது. ஓட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. புகைச் சான்றும் இருக்கிறது. மகனின் நண்பர் ஒரு சிறு கருவியைச் சொருகி செல்போனில் பார்த்தபோது, ‘பழுது எதுவும் இல்லை’ என்று வந்தது. ஆனால் அதற்குக் கீழே நான்கு இடத்தில் ‘இன்கம்ப்ளீட்’ என்று காட்டியது. விற்பவர், ‘அது ஒன்றுமில்லை, பழைய வண்டி என்றால் அப்படித்தான்’ என்கிறார். இரண்டு கறவை மாடு விற்ற பணத்தைக் கையில் வைத்திருக்கிறோம். வாங்கலாமா? – மதுராந்தகம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: வாங்கலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். அந்த நான்கு இடமும் ‘கம்ப்ளீட்’ என்று மாறும் வரை பணத்தைக் கையை விட்டு விடாதீர்கள். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

அந்தச் சொல்லின் பொருள்

எஞ்சினை நடத்துவதற்கு வண்டிக்குள் ஒரு கணினிப் பெட்டி இருக்கிறது. அது புகை சம்பந்தப்பட்ட பாகங்களைத் தானாகவே சோதித்துப் பார்க்கும். இதற்கு ஓ.பி.டி. என்று பெயர். சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பி.எஸ். 4 விதி 2010 ஏப்ரலில் வந்தபோது இதன் முதல் கட்டமும் சேர்ந்து வந்தது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் வந்தது. நீங்கள் பார்த்திருப்பது 2014-ல் சென்னையில் பதிவான வண்டி என்பதால் அதில் இது இருக்கும். நாடு முழுவதற்கும் பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரலில்தான். அதற்கு முன்னால் வெளியூர்களில் பதிவான சில வண்டிகளில் இந்த வசதி முழுமையாக இருக்காது.

கணினி செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் ‘மானிட்டர்’ என்று பெயர். எஞ்சின் சரியாக எரிகிறதா, பெட்ரோல் கலவை சரியா என்பவை எஞ்சின் ஓடும்போதெல்லாம் நடக்கும் சோதனைகள். கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், அதைச் சூடாக்கும் ஹீட்டர், சில வண்டிகளில் இ.ஜி.ஆர். வால்வு ஆகியவற்றுக்கான சோதனைகள் அப்படி இல்லை. அவற்றுக்கு உரிய சூடும் வேகமும் நேரமும் அமைந்தால்தான் கணினி அவற்றைத் தொடங்கும். முடித்துவிட்டால் ‘கம்ப்ளீட்’. முடிக்காவிட்டால் ‘இன்கம்ப்ளீட்’, அல்லது ‘நாட் ரெடி’. சில வரிகளில் ‘நாட் சப்போர்ட்டட்’ என்று வரும். அந்தப் பாகமோ சோதனையோ அந்த மாடலில் இல்லை என்பது அதன் பொருள், அதை விட்டுவிடலாம்.

விதை முளைப்புத்திறனை வைத்துப் பாருங்கள். நெல் விதையைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் முழு முடிவு தெரிய 14 நாள் ஆகும். ஐந்தாம் நாள் போய்க் கேட்டால், ‘முடிவு இன்னும் வரவில்லை’ என்பார்கள். விதை கெட்டது என்றும் அதற்குப் பொருள் இல்லை, நல்லது என்றும் பொருள் இல்லை. ‘இன்கம்ப்ளீட்’ என்பதும் அவ்வளவுதான்.

அப்படியென்றால் ‘பழுது எதுவும் இல்லை’ என்று வந்ததே? அந்த நான்கு பாகங்களைப் பொறுத்தவரை கணினி இன்னும் பார்க்கவே இல்லை. பார்க்காததால்தான் பழுது பதிவாகவில்லை.

ஏன் பார்க்கவில்லை?

தினமும் ஓடும் வண்டி என்றால் இந்தச் சோதனைகளெல்லாம் என்றைக்கோ முடிந்திருக்க வேண்டும். முடிந்த சோதனை எஞ்சினை நிறுத்தினாலும் முடிந்ததாகவே நிற்கும். மொத்தமாக ‘இன்கம்ப்ளீட்’ ஆக வேண்டுமானால் அந்த நினைவு அழிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வழிகளில் அது நடக்கும். ஒன்று, பேட்டரி இணைப்பைக் கழற்றியது. மற்றொன்று, கருவியைச் சொருகிப் பழுதுக் குறியை அழித்தது.

இரண்டுக்குமே நியாயமான காரணம் இருக்கலாம். போன வாரம் புது பேட்டரி போட்டிருக்கலாம். ஒர்க் ஷாப்பில் ஒரு சென்சாரை மாற்றிவிட்டுப் பழைய குறியை அழித்திருக்கலாம். விற்பவரைச் சந்தேகப்பட வேண்டாம்; பேட்டரி பில்லையும் ஒர்க் ஷாப் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். தேதி பொருந்தினால் சரி.

பில் இல்லை, பேட்டரியும் பழையது என்றால் யோசிக்க வேண்டும். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும் வண்டியை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். விற்பதற்கு முந்தைய நாள் குறியை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கன்வர்ட்டர் போன்ற பாகங்களில் பழுதை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் கணினி மீண்டும் விளக்கை எரிய வைக்கும். அந்த ஓட்டங்கள் கூடி வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் வண்டி கைமாறிவிடும்.

மாட்டுச் சந்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. விற்பனைக்கு வரும் பசுவை முந்தைய வேளை கறக்காமல் கொண்டு வந்து நிறுத்துவார்கள். மடி நிறைந்து நிற்கும். விவரம் தெரிந்தவர் மடியைப் பார்த்து விலை பேச மாட்டார். தன் கண்ணெதிரே இரண்டு வேளை கறக்கச் சொல்லுவார். வண்டிக்கும் அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

புகைச் சான்று போதாதா?

போதாது. நம் ஊர் புகைச் சோதனையில் சைலன்சர் குழாயில் ஒரு குழலை நுழைத்து அந்த நேரத்துப் புகையை அளக்கிறார்கள். பி.எஸ். 4 பெட்ரோல் வண்டி என்றால் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். அளவுக்கும் மேல் போகக் கூடாது. இந்தச் சோதனையில் கணினியிடம் எதுவும் கேட்பதில்லை. சான்றும் எடுத்த நாளின் நிலையைத்தான் சொல்லும். பி.எஸ். 4 முதல் வந்த வண்டிகளுக்கு 1 ஆண்டு, அதற்கு முந்தியவற்றுக்கு 6 மாதம் என்று அது செல்லுபடியாகும். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த சான்று இன்றைய கன்வர்ட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சான்று வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டி வாங்குவதற்கு அது மட்டும் ஆதாரம் ஆகாது என்கிறேன், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் புகைச் சோதனை உள்ள பல மாநிலங்களில் குழாயைப் பார்ப்பதற்குப் பதில் இந்தக் கணினியைத்தான் கேட்கிறார்கள். 2001 முதல் வந்த மாடல் என்றால் ஒரு சோதனை வரை முடியாமல் இருக்கலாம், 1996 முதல் 2000 வரையிலான மாடல் என்றால் இரண்டு வரை இருக்கலாம் என்பது அந்நாட்டு மத்திய அரசின் வழிகாட்டுதல். அதற்கு மேல் இருந்தால், ‘ஓட்டிவிட்டு மறுபடி வா’ என்று திருப்பி அனுப்புவார்கள். குறியை அழித்துவிட்டு வருகிறவர்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. நான்கு சோதனை முடியாத உங்கள் வண்டி அங்கே தேறியிருக்காது.

மறைந்திருக்கக் கூடியவை

முதலாவது, கேட்டலிடிக் கன்வர்ட்டர். 1995 ஏப்ரலில் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. சைலன்சருக்கு முன்னால், உள்ளே தேன்கூடு போன்ற அமைப்புடன் இருக்கும். அதில் பூசப்பட்டுள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் விலை உயர்ந்த உலோகங்கள். அதனால் உள்கூட்டை எடுத்து விற்றுவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப மாட்டிவிடும் வேலையும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கணினிக்குத் தெரியும். கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்சிஜன் சென்சார் உண்டு. முன் சென்சாரின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின் சென்சார் ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல ஆடினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். புதிது மாற்றினால் செலவு பெரிது.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் வால்வு. ‘நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு’ என்று சில மெக்கானிக்குகள் இதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது. சூடு வராவிட்டால் கணினி சோதனையைத் தொடங்காது. எத்தனை நாள் ஓட்டினாலும் ‘இன்கம்ப்ளீட்’ மாறாது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். இது சிறிய செலவில் சரியாகக் கூடியது.

மூன்றாவது, எஞ்சின் விளக்கையே செயலிழக்கச் செய்வது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் அந்த வண்டியை விட்டு விலகுங்கள்.

சோதனையை முடிக்க வைப்பது எப்படி?

நான் குடியிருப்பதும் மேற்கு மாம்பலம்தான் என்பதால் ஒன்று சொல்ல முடியும். அந்தத் தெருக்களுக்குள் ஓட்டினால் ஒரு மாதம் ஆனாலும் சில சோதனைகள் முடியாது. ஆரிய கவுடா ரோட்டிலும் லேக் வியூ ரோட்டிலும் முதல் கியர், இரண்டாம் கியரைத் தாண்டுவதே அரிது. துரைசாமி சுரங்கப்பாதையில் நின்று நின்றுதான் நகர வேண்டும். கணினிக்கு வேண்டியது சீரான வேகம். இதனால் விற்பவருக்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது: பேட்டரி மாற்றிய பிறகு அவர் தெருவுக்குள் மட்டும் ஓட்டியிருந்தால் உண்மையிலேயே முடிந்திருக்காது.

வண்டி உங்கள் ஊருக்கு வரும் வழியே நல்ல சோதனைப் பாதை. விற்பவரையும் உடன் வைத்துக்கொண்டு மகன் இப்படிச் செய்யட்டும்:

1. டேங்கில் பெட்ரோல் காலுக்கு மேலும் முக்காலுக்குக் கீழும் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டாம். குறியை அழிக்கவும் வேண்டாம்.

2. இரவு முழுவதும், குறைந்தது 8 மணி நேரம், வண்டி நிற்கட்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

3. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம்.

4. அசோக் நகர், கத்திப்பாரா வழியாக ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, வண்டலூர் தாண்டி நெரிசல் குறைந்ததும், வேக வரம்புக்குள் 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடமாவது ஏற்றாமல் இறக்காமல் ஓட்டட்டும்.

5. பின்னால் வண்டி வராத இடத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வைத்து, பிரேக் போடாமல் 30 கி.மீ. வரை வேகம் தானாக இறங்கட்டும். இரண்டு மூன்று முறை செய்யலாம்.

6. செங்கல்பட்டில் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே சில நிமிடம் கழித்துக் கருவியில் பார்க்கட்டும். மேற்கு மாம்பலத்திலிருந்து அதுவரை சுமார் 50 கி.மீ. இருக்கும்.

இது பொதுவான முறை. ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிக்குத் தனி முறை வைத்திருக்கிறது. அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள். ஒரே ஓட்டத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம், 150 முதல் 200 கி.மீ. வரை கெடு வையுங்கள்.

அதே கருவியில் ‘குறி அழித்த பின் ஓடிய தூரம்’ என்று ஒரு கணக்கும் பல வண்டிகளில் வரும். இன்றே பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அது 12 கி.மீ. என்று காட்டினால், அழித்தது எப்போது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து அந்தத் தூரம் கூடியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் நடுவில் மறுபடியும் அழித்திருக்கிறார்கள்.

முடிவு எப்படி வந்தாலும்

எல்லாம் ‘கம்ப்ளீட்’, பழுதுக் குறி இல்லை என்றால் புகை சம்பந்தமான பாகங்கள் நலம். மற்றபடி டயர், பிரேக், துரு, ஆர்.சி., வங்கிக் கடன் பாக்கி ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். 2014-ல் பதிவானது என்பதால் 2029-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலையில் கணக்கிடுங்கள்.

பழுதுக் குறி வந்தால், எண்ணைக் குறித்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் செலவைக் கேளுங்கள். அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேட்பது உங்கள் உரிமை.

ஒரு வாரம் ஓட்டியும் ‘இன்கம்ப்ளீட்’ மாறவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டையும் சென்சார்களையும் பார்க்க வேண்டும். விற்பவர் பார்த்துக் கொடுக்கட்டும்.

‘இவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, வேறு ஆள் தயாராக இருக்கிறார்’ என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த வேறு ஆளுக்கே அவர் கொடுக்கட்டும். பெட்ரோல் வேன் நாட்டில் இது ஒன்று மட்டுமல்ல.

கேள்வி: என்னிடம் 2018 மாடல் டீசல் பிக்-அப் இருக்கிறது. இ.ஜி.ஆர். சோதனை ‘இன்கம்ப்ளீட்’ என்று காட்டுகிறது. இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் மைலேஜ் கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைப்பது இ.ஜி.ஆர். வேலை. அதனால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறைகிறது. அதை அடைப்பது வண்டியின் அமைப்பை மாற்றுவது, சட்டப்படி தவறு. பிறகு அந்தச் சோதனை ஒழுங்காக முடியவும் முடியாது. முதலில் வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பலருக்கு அதுவே போதும்.

கூடவே ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கதிரடிக்கும் களத்திலும் மண் பாதையிலும் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் அடைபடும். காற்று போதாமல் கரும்புகை வரும். பி.எஸ். 4 டீசலுக்குப் புகையின் அளவு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்திய வண்டிகளுக்கு 65. எஃப்.சி. எடுக்கப் போவதற்கு முன் புது ஃபில்டர் போடுவது மலிவான முன்னேற்பாடு.

கேள்வி: தம்பி வாங்கிய பி.எஸ். 6 டீசல் வண்டிக்கு யூரியா கரைசல் ஊற்ற வேண்டுமாம். நம்மிடம் மூட்டை யூரியா இருக்கிறதே, அதையே கரைத்து ஊற்றினால் என்ன?

பதில்: ஊற்றவே கூடாது. அந்தக் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா. ஆனால் அது வேறு தரம். உடன் சேர்ப்பதும் தாது நீக்கிய நீர். நமக்குக் கிடைக்கும் யூரியா 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அந்தப் பூச்சும், யூரியாவில் உள்ள பையூரெட்டும், நம் கிணற்று நீரின் உப்பும் சேர்ந்து தெளிப்பானையும் கன்வர்ட்டரையும் அடைத்துவிடும். வண்டியின் கணினி கண்டுபிடித்து எச்சரிக்கும். மானியத்தில் வரும் உரத்தைப் பயிருக்கு அல்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 1985-ன் உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட. மூட்டை யூரியா வயலுக்கு மட்டும்.

வெட்டி வைத்துக்கொள்ள: பழைய வண்டி வாங்கும்போது முதலில் சாவியைத் திருப்பி எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இரண்டாவதாகப் பழுதுக் குறியோடு சேர்த்து மானிட்டர் நிலையையும் பாருங்கள். மூன்றாவதாகக் குறி அழித்த பின் ஓடிய தூரத்தைக் குறியுங்கள். நான்காவதாகப் புகைச் சான்றின் தேதியைப் பாருங்கள். ‘இன்கம்ப்ளீட்’ இருந்தால் சிறு முன்பணம் மட்டும் கொடுத்து, ஒரு வாரக் கெடுவை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த இதழில் கத்தரியில் தண்டுத் துளைப்பான் பற்றி வந்துள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். மதுராந்தகம் வாசகர், வண்டி என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.